குட்டையா, நெட்டையா

“அம்மா தோத்துப் போற மாதிரி ஒண்ணைப் போட்டுடுங்க மாமா” என்றான் அக்கா மகன்.

கண்ணாடிக் கடை வேலையிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் என் பட்டறைக்கு ஓடி வந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சட்டையில் கிரீஸ் பட்டுவிடும் என்று எப்போதும் வாசலில் நின்றே பேசுகிறவன், இன்று என் மேஜையை ஒட்டி நின்றான்.

மேஜை மேல் இரண்டு மேனிஃபோல்டுகள். காற்றையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டருக்கும் பங்கு போட்டுத் தருகிற அலுமினியச் சாமான். ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை. என் பட்டறையில் அவற்றுக்கு வேறு பெயர் கிடையாது.

குட்டை, மெதுவாகப் போகும்போது அலுங்காமல் குலுங்காமல் இழுக்கும். வேகம் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். நெட்டை தெருவில் முரண்டு பிடிக்கும், பந்தயத்தில் பறக்கும்.

இரண்டில் எதைப் போடுவது? கார் ஒன்றுதான். வார நாட்களில் மகன் வேலைக்கு ஓட்டிப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அம்மா பந்தயம் ஓட்டுகிறாள்.

பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இது என்ன கிறுக்கு என்று அக்காவிடம் கேட்காத ஆள் இல்லை. அங்கே ஓட்டும்போது மட்டும்தான் தான் விதவை என்பது மறந்துபோகிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு நான் கேட்பதில்லை.

போதாக்குறைக்கு இப்போது நைட்ரஸ் வேறு. பொத்தானை அழுத்தினால் பாட்டிலிலிருந்து அந்த வாயு பாயும், சில நொடிகளுக்கு இன்ஜினுக்குப் பேய் பிடிக்கும். அதையும் அக்காதான் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

“குட்டையைப் போடுங்க. நாலு தடவை தோத்தா தானா விட்டுடுவாங்க.” அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினான். “எனக்கு இருக்கறது அம்மா மட்டும்தானே மாமா.”

எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குட்டையின் வாயில் ஊற்றினேன். நடுத் துவாரங்களில் கொட்டியது. உள்வளைவுகளில் தேங்கியது. மூலைத் துவாரம் மட்டும் காய்ந்தே கிடந்தது.

அவன் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரலில் ஈரம் இல்லை.

தண்ணீர் வேறு, காற்று வேறு என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் புரிய இது போதும்.

“நைட்ரஸ் இல்லேன்னா இது சாதுடா. நைட்ரஸ் பாயறப்ப பெட்ரோல் சரியா கிடைக்காத சிலிண்டர் உருகிடும். தேங்கி நிக்கற பெட்ரோல்ல தீ திரும்பி அடிச்சா இதுவே வெடிக்கும். உங்கம்மா தோத்துட்டு வரமாட்டா. வரவே மாட்டா.”

நெட்டைக்குள்ளே ஒரே கூடம், எட்டு வாசல். அதிலும் ஊற்றினேன். எட்டும் நனைந்தன.

எட்டுத் துவாரத்திலும் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இதையே போடுங்க. ஜெயிச்சுத் தொலையட்டும்.”

வாசல்வரை போனவன், தான் வந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம் நெட்டையைப் பொருத்த ஆரம்பித்தபோது அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாக இன்ஜினை எட்டிப் பார்த்தாள்.

“அது எதுக்குடா? குட்டையே போதும்.”

எனக்குச் சுரீரென்றது. அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு நேரம் வந்து என் உயிரை எடுக்கிறார்கள். இவளுக்கும் பாடம் நடத்த வேண்டியதுதான் என்று தண்ணீரைத் தேடினேன்.

“நைட்ரஸையும் கழட்டிடு” என்றாள். “இனிமே ஞாயித்துக்கிழமை எங்கயும் போகல.”

ஏன் என்று கேட்டேன். குட்டைக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தொட்டு மேஜையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே நின்றாள்.

“பந்தயம் முடிஞ்சு நான் வீட்டுக்குத் திரும்பறப்பல்லாம் அவன் தட்டு கழுவி ஈரமா இருக்கும். சாப்பிட்டேம்மான்னு சொல்வான்.”

விரலை முந்தானையில் துடைத்தாள்.

“பாத்திரத்தைத் திறந்து பார்த்தா, நான் செஞ்சு வெச்சது வெச்சபடியே இருக்குடா.”