மகளின் கை
துணி வியாபாரி தன் வலக்கையைக் முஷ்டியாக மூடி, அதன்மேல் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொம்மைக் கடையின் நடுவில் நிற்கிறார். நெய்தவனிடமே நூலுக்குக் குற்றம் சொல்லிப் பேரம் பேசும் ஆள். இன்று அந்த மூடிய கையால் பொம்மைகளைச் சோதிக்கிறார். “கையில அடியா சார்?” என்கிறாள் கடைக்காரப் பெண். “எம் பொண்ணுக்கு விரல் விரியாதும்மா. என் கையை அவ கையா வச்சுப் பார்க்கிறேன்.” பொம்மைக் காரின் சாவியைத் திருக முடியவில்லை. அடுக்கிய கட்டைகள் சரிகின்றன. பெரிய பொத்தான் வைத்த தவளை மட்டும் அவர் குத்தியதும் துள்ளுகிறது. பேரம் படிந்த முகத்தோடு அதைச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஏழு வயது மகளின் மடியில் வைக்கிறார். அவள் அழுத்துகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறாள், தவளை அசையவில்லை. கையைக் கட்டியவர் அதிலிருந்த பலத்தைக் கட்ட மறந்துவிட்டார். ஜன்னல் வெயில் விழும் பக்கத்து மேசையில் அடிகனத்த கோமாளிப் பொம்மை ஒன்று நிற்கிறது. மகள் அதைப் புறங்கையால் தட்டுகிறாள். அது சாய்ந்து, வயிற்றுக்குள் மணி குலுங்க நிமிர்கிறது. “அது கைக்குழந்தைங்க விளையாடுறது கண்ணு. நீ பெரிய பொண்ணு.” “தவளையோட நீங்க விளையாடினீங்க, நான் ஏதாவது சொன்னேனா?” கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்க்கிறாள். மகள் இன்னும் ஓங்கித் தட்டுகிறாள். கோமாளி மேசையோடு மேசையாகப் படுக்கிறது. தூக்கி நிறுத்த அப்பாவின் கை தன்னையறியாமல் நீள்கிறது. “தொடாதீங்கப்பா,” என்கிறாள், அதிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுவா எழுந்துக்கும்.”