பதினொன்று நாற்பதுக்குச் சண்டை

எரிமலைத் தீவுக்குச் சுற்றுலா வந்த அறவாழிக்கு, அன்றைய நாள் எப்படிப் போகும் என்று கைபேசி காலையிலேயே சொல்லிவிட்டது. ஒன்பது மணிக்கு அருங்காட்சியகத்தில் கொட்டாவி வரும். பதினொன்று நாற்பதுக்குப் பழைய தேவாலய வாசலில் மனைவி சுகந்தியோடு சண்டை வரும். அது சொல்லி இதுவரை எதுவும் தப்பியதில்லை.

கொட்டாவி நேரத்துக்கு வந்தது. முப்பது வருடமாக எல்லாச் சண்டையிலும் தோற்றுப் பழகிய அறவாழி, இந்தத் தடவை முன்கூட்டியே தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

எரிமலைக் குழம்பு ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடிவந்து தேவாலயப் படியில் பாறையாக உறைந்து நின்ற அதிசயத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று முப்பத்தொன்பதுக்கு, "சுகந்தி, என்னை மன்னிச்சிடு" என்றார்.

கறுத்த பாறையைத் தடவிக்கொண்டிருந்த சுகந்தி திரும்பினாள். "எதுக்குங்க?"

அதைக் கைபேசி சொல்லவில்லை. அவரும் யோசித்து வைக்கவில்லை.

"பொதுவாத்தான்."

"பொதுவான்னா?"

"நான் செஞ்சதெல்லாம் உனக்குத் தெரியாதா?"

சுகந்தி பாறை மேல் பையை வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். "நீங்களும் உட்காருங்க" என்றவள், நிச்சயதார்த்தத்திலிருந்து ஆரம்பித்தாள்.