ஓணத்துக்குக் கஞ்சி

திருவோணத்தன்னைக்கு விருந்துக்கு வர்ற மனுஷன், கையில கஞ்சித் தூக்கோட வாசல்ல வந்து நின்னா யாருக்குத்தான் கோவம் வராது?

விடியக்காலம் எழுந்து அவியல், ஓலன், எரிசேரி, அடைப்பிரதமன் பாயசம்னு அடுப்படியிலேயே வெந்துக்கிட்டுக் கிடக்கேன். எல்லாம் இந்த அழகியநம்பி அண்ணாச்சிக்காகத்தான். என் வீட்டுக்காரர் நெல்லையப்பனோட பழைய சிநேகிதர். எங்களுக்குக் கல்யாணமான நாள்லேருந்து ஓணத்துக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு.

“என்ன அண்ணாச்சி இது?”

“கோவிச்சுக்காத தங்கச்சி. எனக்கும் இப்ப உன் வீட்டுக்காரன் நோவுதான். டாக்டர் கஞ்சிதான்னுட்டார்.”

“அப்ப நான் செஞ்சதெல்லாம்?”

“சாரமில்ல, நீ சாப்பிடு.”

சாரமில்லையாமே! இவ்வளவு வேலைக்கும் ஒரு ‘பரவாயில்ல’யோட முடிச்சுட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா குடல் கோளாறு. உயிருக்குப் பயமில்ல, ஆனா வாயைக் கட்டணும்னு சொல்லிட்டாங்க. ரோஷக்காரக் குடல். வெங்காயம் பட்டாலும் பொங்கும், பால் பட்டாலும் பொங்கும், மிளகாயைப் பத்திக் கேக்கவே வேண்டாம். கல்யாணம், காதுகுத்து எதுக்கும் வர்றதில்ல. போன ஓணத்துக்கு அண்ணாச்சிக்கு இலை போட்டதும், கஞ்சிக் கிண்ணத்தோட உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

இந்தத் தடவை ரெண்டு பேரும் கஞ்சியோட எதிரெதிரே உக்காந்தாங்க. நான் எனக்கு மட்டும் இலை போட்டு, கரண்டியை டங்கு டங்குன்னு வச்சுப் பரிமாறிக்கிட்டேன்.

“லே நெல்லை, நம்ம முதல் ஓணம் ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுமாலே!”

ஊர்லேருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு ஓட்டல் வேலைக்கு வந்த புதுசாம். ஓணத்தன்னைக்கு ஒரு ஓட்டலும் திறக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. ஊரே மூக்குப் பிடிக்கச் சாப்பிட, இவங்க வெறும் வயித்தோட தெருத்தெருவா நடந்திருக்காங்க.

“கடைசியில லாட்ஜ் வாட்ச்மேன் ஸ்டவ்வும் நொய்யரிசியும் தந்தாரே, மகராசன்!”

“உப்பு வாங்கப் போனவன் நீ, எவன் வீட்டு வாசல்லயோ பாயச வாசனை பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே. இங்க கஞ்சி அடிப்பிடிச்சுப் போச்சு”ன்னார் என் வீட்டுக்காரர்.

“அந்த அடிப்பிடிச்ச கஞ்சிக்கும் அடிச்சுக்கிட்டோம்லே!”

என் வீட்டுக்காரர் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். அவர் இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! இன்னொரு கிண்ணம் கஞ்சியும் கேட்டார். அண்ணாச்சி பேச்சு சுவாரஸ்யத்துல என் பக்கத்துத் தட்டுல இருந்த மோர்மிளகாயை எடுத்துக் கடிச்சுக்கிட்டே, அந்த லாட்ஜ் ரூம், மூட்டைப்பூச்சி, ஓட்டல் முதலாளின்னு ஒண்ணு விடாம பேசித் தீர்த்தார்.

அண்ணாச்சி தலை மறைஞ்சதும் என் வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டேன்.

“நோவுன்னா நேத்தே ஒரு போன் பண்ணக் கூடாதா? இவ்வளவையும் யாரு திங்கிறது?”

“அவனுக்கு ஒரு நோவும் இல்லட்டி.”

“என்னது?”

“மோர்மிளகாயைக் கறுக்குமொறுக்குன்னு கடிச்சான், நீ பாக்கலியா? என் நோவு உள்ளவன் அதைத் தொடுவானா?”

பிரதமன்னா உசிரை விடுற மனுஷன், அது பக்கத்துல மணக்க மணக்க வெறுங்கஞ்சியைக் குடிச்சுட்டுப் போயிருக்கார். அவரைப் போய் என்னவெல்லாம் நினைச்சேன்!

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கல?”

“கேட்டா, அடுத்த ஓணத்துக்கு யாரு என்கூட உக்காந்து கஞ்சி குடிப்பா?” துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

நான் பிரதமனைத் தூக்குல ஊத்தி அவர் கையில கொடுத்தேன்.

“அண்ணாச்சி வீட்டுல கோமதி மதினிக்குன்னு சொல்லிக் கொடுத்துட்டு வாங்க. அண்ணாச்சி ஒளிச்சு வச்சாவது குடிச்சுக்கிடட்டும்.”

வாசல் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

“அடுத்த ஓணத்துக்கு எனக்கும் வயிறு சரியிருக்காது. மூணு பேருக்கும் சேத்தே கஞ்சி வைக்கேன்.”