விருந்தினர்களுக்கு மட்டும்

"எங்க ஊருப் பொம்பளைங்க ஒருத்திகூட இதுக்குள்ள கால் வெச்சதில்லம்மா. விருந்தாளிங்களுக்குன்னே கட்டுனது. எப்புடி பளபளன்னு வெச்சிருக்கோம் பாத்தீங்களா?"

ஊர்த் தலைவர் சுப்பராயலு அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டிப் பெருமையாகச் சொன்னார். இளமதிக்குச் சுருக்கென்றது.

வெள்ளை டைல்ஸ். பினாயில் வாசனை. வாசலில் பூட்டு. மேலே போர்டு: 'விருந்தினர்களுக்கு மட்டும்.'

வருஷா வருஷம் நெய்வேலியிலிருந்து சிதம்பரம் வந்து, சாமி கும்பிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவதுதான் இளமதியின் வழக்கம். இந்தத் தடவை கணவன் செந்தமிழ்செல்வன்தான், "கிள்ளை பக்கம் ஒரு மீனவ கிராமத்துல அவுங்க வீட்டுலயே தங்க வெச்சு சாப்பாடு போடுறாங்களாம். மகளிர் குழு நடத்துதாம். போய்ப் பாப்போமே" என்று இழுத்து வந்திருந்தான்.

வந்ததில் ஒரு குறையும் இல்லை. குழுவைச் சேர்ந்த குப்புவின் வீட்டில் தங்கினார்கள். குப்புவின் புருஷன் பூவராகன் பிச்சாவரம் காட்டுக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போய், எந்த வேருக்கடியில் நண்டு பதுங்கும் என்றுகூடக் காட்டினான். குப்பு வைத்த எறாத் தொக்குக்கு இளமதி மூன்று தடவை சோறு வாங்கினாள். ஒரே நாளில் அந்தத் தெருவில் அவளுக்குப் பத்து அக்கா, பத்துத் தங்கச்சி.

அந்தச் சந்தோஷத்தில்தான் இப்போது மண் விழுந்தது.

தலைவர் நகர்ந்ததும், பக்கத்தில் நின்ற குப்புவிடம் கேட்டாள். "அப்ப நீங்கள்லாம் எங்க போவீங்க குப்பு?"

குப்பு அக்கம்பக்கம் பார்த்தாள். "எங்களுக்கு இன்னாக்கா, கருவேலங்காடு கெடக்குதே" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இளமதியை இன்னும் சுட்டது. கணவனிடம் போய்க் கொட்டினாள்.

"ரெண்டு நாள் வந்துட்டுப் போற நமக்கு டைல்ஸு. இங்கயே பொறந்து வாழுறவளுக்கு முள்ளுக்காடு. நாம வர்றதால இவுங்களுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே, இதுதானா?"

"ஊர் விவகாரம் நமக்கு எதுக்கு? துணிய எடுத்து வை. பஸ்ஸுக்கு நேரமாவுது."

கிளம்புகிற நேரத்தில் குப்பு ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வந்தவங்க மனசுல பட்டத எழுதிட்டுப் போவாங்கக்கா. தலைவரு மாசாமாசம் ஊர்க்கூட்டத்துல சத்தம் போட்டுப் படிப்பாரு."

இளமதி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி பேனாவைத் திறந்தாள். 'ஊர்ப் பெண்கள் நுழைய முடியாத கழிப்பறையைப் பூட்டி வைத்துப் பெருமைப்படுவது வெட்கக்கேடு...'

எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்த குப்பு, வெடுக்கென்று அவள் கையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, கெடுத்துடாதீங்கக்கா!"

"பயப்படாதீங்க குப்பு. உங்களுக்காகத்தான் எழுதுறேன்."

"அதாங்க்கா வேணான்றேன்!"

குப்பு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவி இளமதியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்தப் பூட்டு சாவிதான். இதுமாரி முப்பது இருக்குது இந்தத் தெருவுல. சிதம்பரத்துல கொடுத்து அடிச்சு வாங்கியாந்தோம்."

இளமதி விழித்தாள்.

"சுனாமி வந்துட்டுப் போனதுலேர்ந்து கேட்டோம்க்கா, பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டிக்குடுங்கன்னு. 'காடு இல்லியா, கரை இல்லியா'ன்னு கூட்டத்துல சிரிச்சாங்க. நாலு வருசம்! அப்புறம், 'வெளியூர்க்காரங்க வந்து தங்கப் போறாங்க, கக்கூஸு இல்லன்னா ஊரு மானம் பூடும்'னு ஒரு வார்த்த சொன்னோம். ஒரே மாசம். டைல்ஸே ஒட்டிட்டாங்க!"

"அப்ப நீங்க எல்லாரும்..."

"விடியறதுக்கு முன்ன ஆம்பளைங்க கடலுக்குப் போயிடுவாங்க. அப்பறம் அது எங்க ராஜ்ஜியம். முறை வெச்சுக் கழுவி வுட்டுடுவோம். அவுங்க கரை ஏறுறப்ப அது பளபளன்னு இருக்கும்." குப்பு குரலைத் தாழ்த்தினாள். "மொத சாவி தலைவரு சம்சாரம் அமிர்தம் அக்காகிட்டதான் இருக்குது."

இளமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க இத எழுதி, தலைவரு படிச்சாருன்னா, 'பூட்ட எடு, எல்லாரும் போவட்டும்'னுடுவாரு. ஆம்பளைங்க உள்ள பூந்தா ஒரு வாரம் தாங்குமாக்கா? கழுவ எவன் வருவான்? மாசத்துக்கு நாலு பேரு உங்கள மாரி வந்துக்கினு இருந்தா போதும். நீங்க வர்ற வரைக்கும் அந்த போர்டு இருக்கும். போர்டு இருக்குற வரைக்கும் எங்க பொண்ணுங்க முள்ளுக்காட்டுப் பக்கம் போவ வேணாம்."

வாசலில் செந்தமிழ்செல்வன் குரல் கொடுத்தான். "என்ன, எழுதி முடிச்சாச்சா?"

"இதோ!"

இளமதி எழுதியிருந்த தாளைக் கிழித்துச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். புதுப் பக்கத்தில், தலைவர் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதத் தொடங்கினாள்.

'சாப்பாடு, படகு, உபசரிப்பு எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு குறை. விருந்தினர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறைதான் இருக்கிறது. அடுத்த மாதம் இருபது பேரோடு வருகிறோம். அதற்குள் இன்னும் மூன்று கட்டி, மறக்காமல் பூட்டி வைக்கவும்.'