பன்னிரண்டு வார்த்தை

“பன்னெண்டே பன்னெண்டு வார்த்தை அத்தை. எழுதி உங்க கையிலதானே குடுத்தாரு? எங்க வச்சீங்க?”

ராதிகா கேட்பது இது நாலாவது தடவை. பீரோவிலிருந்த புடவையெல்லாம் கட்டிலில் கிடந்தன. சாமி படங்களையும் விடவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாயிற்று.

“தொலைச்சிட்டேம்மா,” என்றாள் லோகநாயகி. மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ராதிகாவின் கணவன் கோபி இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

“ஏன் அண்ணி, அந்தக் கம்பெனியில கேட்டா புது பாஸ்வேர்டு தர மாட்டாங்களா?” என்று கேட்டாள் கோபியின் தங்கை லாவண்யா.

“கம்பெனின்னு ஒண்ணு இருந்தாத்தானே? ‘என் பொண்ணு போட்டோவுக்கு எவனோ எதுக்கு முதலாளி’ன்னு, எல்லாத்தையும் பூட்டி, எங்கெங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர்ல துண்டு துண்டா வச்சிட்டாரு உங்க அண்ணன். அழியவே அழியாதாம். ஆனா அந்தப் பன்னெண்டு வார்த்தை இல்லாம யாராலயும் திறக்க முடியாது.”

ராதிகா கட்டிலில் கிடந்த புடவைகளை மறுபடி உதறிப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில படுத்துகினே பாப்பாவுக்குன்னு பேசிப் பேசி பதிவு பண்ணி வச்சாரு. ஸ்கூல்ல சேர்ற அன்னிக்கு ஒண்ணு, கல்யாணத்தன்னிக்கு ஒண்ணு. எல்லாம் அதுலதான் கீது.”

லோகநாயகி பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மன் பாட்டு அத்தனையும் மனப்பாடம். பெத்த புள்ள குடுத்த காயிதத்தை வச்ச இடம் மட்டும் மறந்துபோச்சு! நீங்கல்லாம் ஒரு அம்மாவா?”

குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு, திருமழிசையிலிருக்கும் தன் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் ராதிகா.

லாவண்யாவுக்கும் ஆத்திரம்தான். “ஏம்மா, நெஜமாவே தொலைச்சிட்டியா?”

லோகநாயகி புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

“‘என் உசுரே இதுலதான் கீது, பத்திரமா வச்சுக்கோம்மா’ன்னு குடுத்தான். நான் இன்னாத்தைக் கண்டேன்? அம்மன் காலடியில வச்சு எடுத்து, சுருட்டித் தாயத்துல போட்டு அவன் கையிலயே கட்டிட்டேன். உசுரு அவன்கிட்டயே இருக்கட்டும்னு.”

லாவண்யா அம்மாவின் கையிலிருந்த புடவையை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தத் தாயத்தோடுதான் அண்ணனை எரித்தார்கள்.

“அதை அண்ணிகிட்ட சொல்ல வேண்டியதுதானே? நீ தெரியாமதானே பண்ணே? இப்ப பாரு, கொழந்தையையும் தூக்கிகினு பூட்டாங்க.”

“சொல்லக்கூடாதுடி.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லோகநாயகி. “அவனைத் தூக்கறதுக்கு முன்னாடி உங்க பெரியப்பா அந்தத் தாயத்தை அவுக்கத்தான் வந்தாரு. ‘வேணாம் மாமா, அத்தை ஆசையா கட்டினது, அவரோடவே போவட்டும்’னு அவர் கையைப் பிடிச்சுகினு அழுதது ராதிகாதான். அது அவளுக்கு ஞாபகம் வரவே வேணாம். நான் தொலைச்சதாவே இருக்கட்டும்.”