பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

பேசுவதற்கு டெசாவுக்குப் பத்து நிமிடம். மேசை விளிம்பில் நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிகிறது; சிவப்பானால் பேச்சை நிறுத்த வேண்டும். மேலே மூன்று நீதிபதிகள். சட்டக் கல்லூரி மாணவி அவள். வக்கீல் வைக்க வசதியில்லாத லேமாரின் மேல்முறையீட்டில் வாதாட, நீதிமன்ற அனுமதியோடு இரவல் கோட்டில் நிற்கிறாள். லேமார் சிறையில் இருக்கிறான். அவனை இங்கே கூட்டி வர மாட்டார்கள். கடைசி வரிசையில் மருத்துவமனைச் சீருடையோடு அவன் அக்கா வெர்லின். சம்பவத்தன்று அவன் தன்னோடு வீட்டில் இருந்ததைச் சொல்லக் காத்துக் கிடந்தவளை, விசாரணையின்போது அரசு கொடுத்த வக்கீல் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை.

"லேமாரை அங்க பாத்ததாச் சாட்சி சொன்னதை, விசாரணையில அவரோட வக்கீல் ஆட்சேபிச்சாராம்மா?" நடு நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி கேட்கிறார்.

"இல்லீங்கய்யா. லேமாரே எந்திரிச்சு, 'பொய்! நான் அங்க இல்லவே இல்ல'ன்னு கத்தினாரு."

"அவர் கத்தினா ஆச்சா? வக்கீல் சொல்லணும். அன்னிக்கே சொல்லலேன்னா இங்க வந்து கேக்க முடியாது. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

பக்கத்து நீதிபதி சிரிக்கிறார். விளக்கு மஞ்சளாகிறது. வெர்லின் கைப்பையை நெரிக்கிறாள். டெசாவுக்குக் காது மடல் கொதிக்கிறது. தடித்த விசாரணைப் பதிவைப் படபடவென்று புரட்டி, ஒரு வரியில் விரலைக் குத்துகிறாள்.

"சொல்லித் தந்தாங்கய்யா. வக்கீலும் சும்மா இருக்கல. லேமார் கத்தினதும் அவரும் எந்திரிச்சுப் பேசியிருக்காரு. பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

கண்ணாடி துடைக்கும் கை நிற்கிறது. "என்னன்னு?"

"'இந்த ஆளு கத்தினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், யுவர் ஆனர்'னு."

சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் உட்காரவில்லை.