மணி சொல்லும் சிப்

“இருநூறு கோட்டு வேண்டாம்பா. பத்து போதும்.”

ஓசூரில், தென்பெண்ணை மைக்ரோ கம்பெனியின் ஸ்டோர் அதிகாரி இப்படிச் சொன்னதும் ராஜாமணிக்குப் பகீரென்றது. தர்மபுரியில் தையல் கடை வைத்திருப்பவர். கம்பெனி ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் ஆர்டரைப் பேசி முடித்துவிடலாம் என்று வந்திருந்தார்.

“அப்போ வேலை செய்யறவங்களுக்குங்க, சார்?”

“முதல்ல சிப்பு ஒழுங்கா வேலை செய்யட்டும். இப்போ விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கணும். அதுல நிக்கிற பொண்ணுங்களுக்குத்தான் கோட்டு.”

தீபாவளி சீசனில் சேர்த்த காசு முழுவதையும் ராஜாமணி அந்தக் கம்பெனிப் பங்கில்தான் போட்டிருந்தார். அவர் மட்டுமா? விரல் நுனியில் சிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிற விளம்பரம் பேப்பரில் வந்த நாளிலிருந்து பாதி தர்மபுரிக்கு அதே பேச்சு. ‘தமிழில் மணி சொல்லும் கைக்கடிகாரம், வெகு விரைவில்!’

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் ராஜாமணி முடிவு செய்துவிட்டார். வித்துடணும். ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் எவன் வாங்குவான்?

டீக்கடையில் மாங்காய் மண்டி கருப்பண்ணன் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க ராஜாமணி, ஓசூர் போனீங்களாமே. வாட்ச் பேசுதா?”

“பேசுதாவா? வாயே மூட மாட்டேங்குது!”

கடையே திரும்பிப் பார்த்தது.

“நீங்களே கேட்டீங்களா?”

“பின்னே? ‘மணி பதினொண்ணு’ன்னு கணீர்னு சொல்லுச்சுங்க. பொம்பளைக் குரல்.”

“அப்போ நானும் கொஞ்சம் பங்கு வாங்கலாமுங்களா?”

“அது உங்க இஷ்டமுங்க. நான் யாரையும் வாங்குன்னு சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு நிம்மதியாக டீயை உறிஞ்சினார். பொய் சொன்னோமே தவிர, யாரையும் வாங்கச் சொல்லவில்லையே!

சாயங்காலத்துக்குள் நல்லம்பள்ளி வரை போய்விட்டது சேதி. போகிற வழியில் அந்த வாட்சுக்கு ஆளைப் பேர் சொல்லி எழுப்பவும் தெரிந்துவிட்டது. மறுநாள் அரூரிலிருந்து வந்த ஒருவர், “மழை வருமான்னு கூட அது சொல்லுமாமேங்க?” என்று ராஜாமணியிடமே கேட்டார்.

“சொல்லும், சொல்லும்.”

வீட்டில் தீர்த்தம்மாளும் கேட்டாள். பொண்டாட்டியிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் இவளிடம் சொன்னால் காலையில் குழாயடிக்குத் தெரியும். மத்தியானம் கருப்பண்ணனுக்குத் தெரியும்.

“நம்ம பங்கை அப்படியே வச்சிருக்கலாமாங்க?”

“வச்சிருக்கறதா? கையில மட்டும் காசிருந்தா இன்னும் அதே அளவுக்குப் பங்கு வாங்கிப் போடுவேன், தீர்த்தா!”

பெருமூச்சு வேறு விட்டுக் காட்டினார்.

உள்ளூரில் பங்கு வாங்க, விற்க எல்லாம் இன்னாசிதான். ராஜாமணி இருட்டுகிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனார்.

“மொத்தத்தையும் தள்ளி விட்டுருங்க அண்ணா. நான்தான் விக்கறேன்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது.”

“சொல்ல மாட்டேன். நம்ம தொழில்ல வாய்தான் முக்கியம்.”

இரண்டு நாள் கழித்துப் போனபோது பணம் தயாராக இருந்தது. நல்ல விலை. ஆனால் இன்னாசி அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தரம் யோசிச்சுக்குங்களேன். வூட்டுல கலந்துக்கிட்டீங்களா?”

“அவளுக்கு இதெல்லாம் என்னண்ணா தெரியும்? குடுங்க. வாங்கினது யாரு, கருப்பண்ணனா?”

“பேர் வெளிய வரக் கூடாதுன்னு அவங்களும் சொல்லியிருக்காங்க.”

கருப்பண்ணனேதான். ராஜாமணிக்குச் சிரிப்பு வந்தது. வருகிற வழியில் அல்வா வாங்கினார். மண்டி இருக்கும் தெருவைத் தவிர்த்து, வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தீர்த்தம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அல்வாவா! அப்போ உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சா?”

“என்ன விஷயம்?”

“தெரியாதா? அப்போ சொல்றேன், திட்டக் கூடாது.”

அப்போதுதான் ராஜாமணி கவனித்தார். அவள் கழுத்தில் ரெட்டைவடச் சங்கிலி இல்லை.

“சங்கிலி எங்க தீர்த்தா?”

“வித்துட்டேங்க. காசில்லையேன்னு நீங்க அன்னிக்கு ஏங்குனது மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. சீட்டுப் பணமும் கொஞ்சம் இருந்துச்சு. எல்லாத்தையும் சேர்த்து தென்பெண்ணை பங்கு வாங்கிட்டேன். நல்ல நேரம் பாருங்க, எவனோ வெவரங்கெட்டவன் வச்சிருந்த மொத்தத்தையும் விக்க வந்தானாம். அத்தனையும் நமக்கே!”

ராஜாமணியின் கை சட்டைப் பைக்குப் போனது. அதில் இருந்த நோட்டெல்லாம் இவள் சங்கிலி. இவள் வாங்கிய பங்கெல்லாம் அவர் தள்ளிவிட்ட பங்கு.

“இன்னாசி... அவரு உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னாருங்க. ‘யோசிச்சுக்கம்மா, வூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்க’ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. நான்தான் அடிச்சுச் சொல்லிட்டேன், ‘கேக்கவே வேணாங்கண்ணா, அவரு ஊருக்கே பொய் சொன்னாலும் எங்கிட்ட சொல்ல மாட்டாரு’ன்னு!”